பதினோரு வருஷத்துச் சராசரி

இந்த வருஷம் என் மச்சான் குடும்பத்தோடு குற்றாலத்துக்கு வருவார். ஆனால் குளிக்க மாட்டார்.

யுத்தத்துக்கு முந்தின வருஷம், மே மாதக் கடைசியில் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு, தென்காசித் தாலுகா ஆபீஸ் வளாகத்தில் நின்று நான் எடுத்த தீர்மானம் இது. தீர்மானம் எடுக்கும்போது என் கையில் ஒரு கண்ணாடிக் குவளை இருந்தது. மழை அளக்கிற குவளை. காலியாக இருந்தது.

என் பெயர் பலவேசம். உத்தியோகம் குமாஸ்தா. குமாஸ்தாக்கள் அங்கே ஒன்பது பேர். மழைக்கு நான் ஒருவன்தான். வளாகத்தில் வேலி போட்ட ஒரு சின்ன இடம். அதன் நடுவில் மேலே புனல் வைத்த ஒரு தகரக் குழாய். அதற்குள் ஒரு சீசா. இதுதான் மழைமானி. தினமும் காலை எட்டு மணிக்குச் சீசாவில் சேர்ந்ததைக் குவளையில் ஊற்றி, இத்தனை இஞ்சு இத்தனை சென்ட் (நூறு சென்ட் ஒரு இஞ்சு) என்று புஸ்தகத்தில் எழுதி, மேலிடத்துக்குத் தந்தி கொடுக்க வேண்டும். பதினோரு வருஷமாகக் கொடுத்து வருகிறேன். தென்காசியில் வானம் எவ்வளவுதான் கொட்டினாலும் நான் எழுதினால்தான் அது மழை. எழுதாவிட்டால் வெறும் ஈரம்.

ஆபீஸ் புஸ்தகம் போக, வீட்டுக்கு ஒரு பிரதி என் சொந்த ஆசைக்கு வைத்திருந்தேன். ஒரு மாதத்துக்கு ஒரு தாள், நாளுக்கு ஒரு வரி. பெய்த நாளுக்குக் கறுப்பு மை, பெய்யாத நாளுக்குச் சிவப்பு மை. ஜனவரித் தாளெல்லாம் ஒரு கட்டு, பிப்ரவரித் தாளெல்லாம் ஒரு கட்டு என்று பன்னிரண்டு கட்டுகள். சிலர் வீட்டில் நகைப்பெட்டி இருக்கும். என் வீட்டில் இதுதான்.

என் மனைவியின் பெயர் குழல்வாய்மொழி. பெயர் இனிமையாக இருக்கிறதே என்று பெண் பார்க்கப் போன அன்றே சம்மதம் சொன்னேன். பெயரில் குற்றமில்லை. குழல்தான். ஊதுவது அவள், ஆடுவது நான்.

அவள் பிறந்த ஊர் விருதுநகர். அங்கே வெயில் மூன்று போகம் விளையும். ஜூன் மாதம் மேற்கே மேகம் கட்டி, கோயிலின் மொட்டைக் கோபுரத்து வாசலில் காற்று வேட்டியைப் பிடுங்க ஆரம்பித்ததும் விருதுநகரிலிருந்து விருந்து புறப்படும். என் மச்சான் ஆதித்தன், அவர் மனைவி மக்கள், என் மாமியார் மங்களேஸ்வரி அம்மாள், சித்தப்பா வீடு, சித்தப்பாவின் சம்பந்தி வீடு. மொத்தம் பதினாலு தலை. விருதுநகரிலிருந்து தென்காசிக்கு நேர் ரயில் விட்டதும் நான் இந்த உத்தியோகத்தில் சேர்ந்ததும் ஒரே வருஷம். இரண்டில் எது முதல் தப்பு என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

அவர்கள் கெட்டவர்கள் அல்ல. அருவியில் தண்ணீர் விழுகிறவரை என் வீட்டில் பந்தி விழும், அவ்வளவுதான். தண்ணீர் குறைந்தால் அன்றைக்கே மூட்டை கட்டிவிடுவார்கள். ஆனால் குறைய வேண்டுமே. ஒரு ஆடி மாதம் முழுக்கக் கொடியில் இடம் கிடைக்காமல் என் சட்டை ஈரமாகவே உத்தியோகம் பார்த்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. எனக்கு ஒரே அக்காள். பெயர் பாலம்மாள். தூத்துக்குடியில் வாக்கப்பட்டவள். மூன்று வருஷத்துக்கு முன் சாரலுக்கு வந்தாள். வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். பெட்டியைக் கீழே வைக்க இடமில்லை. அருவியில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு, "வீடு நெறஞ்சு கெடக்கட்டும் தம்பி, அது நல்லதுதான்" என்று சொல்லி அன்றைக்குச் சாயங்கால ரயிலிலேயே திரும்பிவிட்டாள். அப்புறம் வரவில்லை. அந்த 'நல்லதுதான்' எனக்கு மூன்று வருஷமாக நெஞ்சில் முள்.

ஆகவே நான் விஞ்ஞானத்தைக் கையில் எடுத்தேன்.

மே மாதத்து நாலு ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் தூக்கத்தைத் தியாகம் செய்து கட்டுகளைப் பிரித்தேன். ஜூலை ஒன்றாம் தேதிக்குப் பதினோரு வருஷமும் பெய்த மழையைக் கூட்டிப் பதினொன்றால் வகுத்தேன். பிறகு இரண்டாம் தேதி. பிறகு மூன்றாம் தேதி. இப்படி ஜூன், ஜூலை, ஆகஸ்டு மூன்று மாதத்துக்கும். முடிவு பளிச்சென்று வந்தது. சாரல் காலத்தின் நடுவில் ஒரு வறட்சி இருந்தது. ஜூலை பத்து முதல் இருபது வரை. அந்தத் தேதிகளைச் சுற்றி வட்டம் போட்டுப் பக்கத்தில் 'விருதுநகர்' என்று எழுதினேன். ஜூலை இருபத்தைந்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு 'அக்கா' என்று எழுதினேன். வறண்ட அருவியை இரண்டு நாள் அண்ணாந்து பார்த்துவிட்டு விருதுநகர் ஊருக்குப் போய்விடும். தண்ணீர் திரும்புகிறபோது வீடு காலி, அக்காள் வருவாள்.

மனைவியிடம் மெல்லப் பேச்சை எடுத்தேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஏட்டி குழலு, இந்தத் தடவை உங்க அண்ணனுக்கு நானே காயிதம் எழுதி வரச்சொல்லுதேன்."

கை நின்றது. "உடம்புக்கு என்ன செய்யுது உங்களுக்கு?"

"ஒண்ணும் செய்யல. ஜூலை பத்தாம் தேதி வரச்சொல்லலாம்னு இருக்கேன். என் கணக்குல அதுதான் உத்தமமான நாள்."

உத்தமம் யாருக்கு என்று நான் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. வேறொன்று கேட்டாள்.

"அது என்ன கணக்கு?"

"சராசரி. பதினோரு வருஷத்து மழையையும் தேதி தேதியாக் கூட்டிப் பதினொண்ணால வகுக்கணும். உனக்குப் புரியாது."

"புரியாதுதான். ஆனா எல்லா வருசமும் மழை ஒண்ணுபோலயா வருது? எல்லாத்தையும் போட்டுக் கலக்கினா எது எந்த வருசம்னு தெரியாமப் போயிருமே."

"மெட்ராஸ்ல இருக்க பெரிய பெரிய துரைமாரே சராசரிதான் பாக்காக. அவாளுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிட்டாக்கும்."

"சராசரிக்குள்ள 'சரி' இருக்குங்கதுக்காக எல்லாம் சரியாயிருமா?"

"ஏட்டி, இது இஞ்சு சமாசாரம். உனக்குத் தெரிஞ்சது இஞ்சி."

"அதுவும் தீந்துபோச்சு. வரும்போது வாங்கிட்டு வாங்க."

விஞ்ஞானம் எப்போதும் இப்படித்தான் அடுக்களையில் மதிக்கப்படுவதில்லை. நான் கோபப்படவில்லை. இஞ்சியும் வாங்கி வந்தேன்.

மச்சானுக்கு ஒரு கடிதம், அக்காளுக்கு ஒரு கடிதம். இரண்டையும் என் கையாலேயே தபால் பெட்டியில் போட்டேன். வீட்டுக்கு வந்து, "அக்காவை இருபத்தஞ்சாம் தேதி வரச்சொல்லியிருக்கேன்" என்றேன்.

"மதினியவா?" என்றாள். "பாவம்."

"என்ன பாவம்?"

"ஒண்ணுமில்ல. வந்து ரொம்ப நாளாச்சேன்னு சொன்னேன்."

ஜூலை எட்டாம் தேதி. வானம் துடைத்து வைத்த தாம்பாளம் மாதிரி இருந்தது. ஆபீஸுக்குப் புறப்படும்போது பக்கத்து வீட்டு முகம்மது மீரான் வாசலில் ஒரு மாட்டுவண்டி நின்றது. மீரானுக்குச் சொந்தமாக நாலு தறி. துண்டு நெய்து, சாரல் காலத்தில் குற்றாலத்தில் கொண்டுபோய் விற்பார். வண்டியில் துண்டுக் கட்டுகள் கூரை உயரத்துக்கு ஏறியிருந்தன. எனக்கு மனசு கேட்கவில்லை.

"மீரான், எங்க இவ்வளவும்?"

"குத்தாலத்துக்குத்தான் அண்ணாச்சி. ஐந்தருவியில இன்னொரு கடை போடுதேன்."

"இப்பவா? நாளான்னைக்கு அருவி காயப்போகுதுவே. பதினோரு வருஷக் கணக்கு சொல்லுது. துண்டை அவுத்து உள்ள வையும்."

மீரான் என்னை மரியாதையோடு பார்த்தார். கொஞ்சம் இரக்கத்தோடும் பார்த்தார். அந்த இரக்கம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் அண்ணாச்சி. ஆனா வீட்டுல நூருன்னிசா ஏத்துன்னு சொல்லிட்டா. பொம்பளை சொல்லைத் தட்ட முடியுமா?"

பெண்டாட்டிக்குப் பயந்த மனிதன் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். அவருக்காக வருத்தப்பட்டேன்.

பத்தாம் தேதி ரயில் வந்தது. பதினாலு பேரை எண்ணி இறக்க நான் நின்றேன். எண்ணிக்கை பத்தொன்பதில் முடிந்தது. மாமியாரின் அக்காள் குடும்பமும் வந்திருந்தது.

"மாப்ளே, நீங்களே காயிதம் போட்டுக் கூப்பிட்டதும் எல்லாருக்கும் ஆசை வந்துட்டு" என்றார் மச்சான். "குழலு வேற தனியா எழுதியிருந்தா. பெரியம்மாவையும் கட்டாயம் கூட்டிட்டு வாங்கன்னு."

பத்தொன்பது பேரானால் என்ன? வெயில் சுள்ளென்று அடித்தது. இரண்டு நாள் சோறுதானே. நான் மச்சானின் பெட்டியை என் கையாலேயே தூக்கி வண்டியில் வைத்தேன். வாழ்நாளில் முதல் தடவை.

பதினொன்றாம் தேதி காலை எட்டு மணிக்கு மழைமானியில் இருபத்திரண்டு சென்ட் இருந்தது. சராசரி என்றால் முன்னே பின்னே இருக்கும் என்று எழுதி வைத்தேன். மத்தியானம் மேற்கு மலை மறைந்தது. சாயங்காலம் எதிர் வீடு மறைந்தது. பிறகு ஓட்டின் மேல் விழுந்த சத்தத்தில் மச்சான் பேசியது கேட்காமல் போனது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

பன்னிரண்டாம் தேதி காலை குடை பிடித்துக்கொண்டு போனேன். குடை போனது, நான் வந்து சேர்ந்தேன். சீசா நிரம்பி வழிந்து வெளித் தகரத்திலும் தண்ணீர் நின்றது. குவளை ஒரு தடவைக்கு அரை இஞ்சுதான் கொள்ளும். பதினாலு தடவை அளந்தேன். ஆறு இஞ்சு எண்பத்தைந்து சென்ட். பதினோரு வருஷத்தில் எந்தக் கட்டிலும் இல்லாத எண். தாசில்தார் என்னைக் கூப்பிட்டு, "ஓய், குடத்தைக் கிடத்தைக் கவிழ்த்தீரா?" என்று கேட்டார். தந்தி ஆபீஸில் எண்ணை இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

சிற்றாறு கரை புரண்டது. பேரருவிப் பக்கம் யாரும் போகக்கூடாது என்று தண்டோரா போட்டார்கள். மூன்று நாள் பத்தொன்பது பேரும் வீட்டிலேயே இருந்தார்கள். குளிக்க முடியாதவன் என்ன செய்வான்? சாப்பிடுவான். நாலாம் நாள் வெள்ளம் வடிந்து எல்லா அருவியிலும் குளிக்க விட்டார்கள். சரி, இனிமேலாவது அலுத்துப்போய்ப் புறப்படுவார்கள் என்று பார்த்தால், கிழக்கே எங்கேயோ ஒரு ஓடை உடைத்துத் தண்டவாளத்துக்கு அடியில் மண்ணை அரித்துவிட்டதாம். ஐந்து நாளைக்கு ரயில் கிடையாது.

என் மச்சான் உத்தமமான மனுஷர். தெருவில் போகிற ஒவ்வொருவரையும் நிறுத்திச் சொன்னார்.

"எங்க மாப்ளே பத்தாம் தேதி வான்னு மே மாசமே எழுதிட்டாருவே. பத்தாம் தேதி வந்தோம், பதினொண்ணாம் தேதி வானம் பொத்துக்கிட்டு. கணக்குப் போட்டு மழையைக் கூப்பிட்ட மனுசனை நான் இப்பத்தான் பாக்கேன்."

நான் என்ன செய்வேன்? மறுக்கவும் முடியாது. ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டதும் பழகிவிட்டது. நாலு பேர் கும்பிட்டபோது நானும் கையை உயர்த்தினேன். விதைப்புக்கு நாள் கேட்டு இலஞ்சியிலிருந்து ஒரு பண்ணையார் வந்தார். சொன்னேன்.

அருவி மெலியத் தொடங்கியதும் ஜூலை இருபத்திமூன்றாம் தேதி விருதுநகர் புறப்பட்டது. இருபத்திநாலாம் தேதி வெயில் அடித்தது. இருபத்தைந்தாம் தேதி காலை சீசாவில் ஒரு கொசு இருந்தது. வேறொன்றும் இல்லை. குற்றாலத்திலிருந்து வந்த வண்டிக்காரன், "பேரருவியில பொட்டுத் தண்ணி இல்ல; பாறையில குரங்குதான் காயுது" என்றான்.

அன்றைக்குத்தான் அக்காள் வருகிறாள்.

ஸ்டேஷனுக்கு நடந்தேன். மூன்று வருஷம் கழித்து வருகிறவளுக்கு நான் எதைக் காட்டுவேன்? 'வீட்டில் இடமில்லாதபோது தண்ணீர் இருந்தது அக்கா, இப்போது இடம் இருக்கிறது' என்றா? மச்சான் குடும்பத்தைக் காய வைக்க நினைத்தேன். கடைசியில் காயப்போவது என் கூடப் பிறந்தவள். வண்டி வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். அக்காள் இறங்கவில்லை. ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் பயம். வண்டி போனபிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

வீட்டுக்கு வந்தேன். நான் போனபிறகு தபாலில் வந்த ஒரு கார்டைக் குழல்வாய்மொழி நீட்டினாள். அக்காளின் எழுத்து. ஆனால் விலாசம் அவள் பெயருக்கு.

'குழலுக்கு, நீ எழுதினபடி ஆகஸ்டு எட்டாம் தேதிக்கு வாரேன். தம்பிட்ட நீயே சொல்லிரு. நான் எழுதினா அவன் காரணம் கேப்பான்.'

"நீ எழுதினியா?"

"ஆமா. ஜூன் மாசமே எழுதிட்டேன். இருபத்தஞ்சாம் தேதி வந்தா பாறையைத்தான் பாக்கணும்னு தெரியும். மதினி பாவம்லா."

"எப்படித் தெரியும்?"

அவள் அலமாரியிலிருந்து ஜூலைக் கட்டை எடுத்து வந்தாள். கூடவே கொடியில் துணியைக் கவ்விப் பிடிக்கும் குச்சிகள்.

"போன ஐப்பசியில ஓடு நகந்து உங்க கட்டெல்லாம் நனைஞ்சுதுல்லா. நீங்க தலையில கைவச்சு உக்காந்துட்டிய. நான்தான் தாள் தாளாப் பிரிச்சுக் கொடியில காயப்போட்டேன். இந்தா, இப்படி."

கொடியில் பதினோரு ஜூலையையும் வரிசையாகத் தொங்கவிட்டாள். இடது ஓரம் முதல் வருஷம். வலது ஓரம் போன வருஷம்.

"எட்ட நின்னு பாருங்க. சிவப்பு மை எங்க கெடக்கு?"

பார்த்தேன். முதல் தாளில் சிவப்பு உச்சியில் கிடந்தது, மாத ஆரம்பத்தில். அடுத்த தாளில் இரண்டு வரி இறங்கியிருந்தது. அதற்கடுத்ததில் இன்னும் இரண்டு. படிக்கட்டில் ஒருவன் இறங்குகிற மாதிரி ஒவ்வொரு வருஷமும் இறங்கி இறங்கி, கடைசித் தாளில் அடியில் போய் உட்கார்ந்திருந்தது. பதினோரு வருஷம் என் கையால் நானே வைத்த சிவப்பு.

"வறட்சி நடந்து போய்க்கிட்டு இருக்கு" என்றாள் குழல்வாய்மொழி. "வருசத்துக்கு ரெண்டு நாள் தள்ளி. நீங்க எல்லாத்தையும் கூட்டி வகுத்து, அது நடந்த பாதைக்கு நடுவுல பந்தல் போட்டு உக்காந்திருக்கிய. அது அந்த இடத்தைத் தாண்டிப் போயி அஞ்சு வருசமாச்சு."

"இதை அப்பவே சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்ல வந்தேன். நீங்க இஞ்சின்னிய."

நான் பேச்சை வேறு பக்கம் திருப்பினேன். "அந்த வெள்ளமும் உனக்குத் தெரியுமா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? தண்ணி விழும்னுதான் நினைச்சேன். ஆறே முக்கால் இஞ்சு நான் கேக்கல." ஒரு குச்சியைச் சரியாக மாட்டினாள். "நீங்க கணக்குப் போட்டப்புறம் கட்டை மறுபடி எடுத்தப்ப உங்க வட்டத்தையும் பாத்தேன். பக்கத்துல 'விருதுநகர்'னு எழுதியிருந்துது. நல்ல கையெழுத்து. அதான் பெரியம்மாவையும் வரச்சொன்னேன்."

அப்போதுதான் பக்கத்து வீட்டு மீரானின் இரக்கம் எனக்கு விளங்கியது. நூருன்னிசாவுக்குச் சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. ஐந்தருவிக் கடையில் அவருக்குத் துண்டு போதவில்லையாம். என் தோளில் கிடந்த பழைய துண்டைக்கூட ஆசையாகப் பார்த்தார்.

ஆகஸ்டு நாலாம் தேதி மேகம் திரும்பி வந்தது. எட்டாம் தேதி அக்காள் வந்தாள். வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். வீடு காலியாக இருந்தது. பெட்டியைக் கூடத்து நடுவில் வைத்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து சிரித்தாள். குழல்வாய்மொழி அவள் தலையில் எண்ணெய் வைத்தாள். மறுநாள் மூவரும் ஐந்தருவிக்குப் போனோம். பெண்கள் பக்கத்திலிருந்து இரண்டு பேரின் சிரிப்பும் தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே கேட்டது. திரும்பி வரும்போது ஈரத் தலையோடு அக்காள் என்னிடம் சொன்னாள்:

"எலே, மூணு வருசமா நீ கூப்பிடமாட்டேங்கியேன்னு வருத்தப்பட்டேன். கூப்பிட்டதும் பாறை காயுத நாளைக்கு. கூப்பிட ஒரு மனசு வேணும். குழலுக்கு அது இருக்கு."

என் நாலு ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். குழல்வாய்மொழி என்னைப் பார்த்தாள். நான் ஒரு மங்குஸ்தான் பழத்தை உரித்தேன்.

பத்து நாள் இருந்தாள் அக்காள். என் மனசில் முள் இருந்த இடம் ஆறிவிட்டது. தோற்றுப்போனவனுக்கு இவ்வளவு சந்தோஷம் இருக்கக்கூடாது; இருந்தது.

புறப்படுகிற நாளில் இருவரும் அடுத்த வருஷத்துக்குத் தேதி குறித்தார்கள். நான் தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஜூலை இருபத்திநாலு வரை விருதுநகர். ஆகஸ்டு பத்துக்கு மேல் அக்காள். நடுவில் பத்துப் பன்னிரண்டு நாள் வறட்சி, யாரும் வரமாட்டார்கள்.

எனக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. கல்யாணமான நாளாகச் சாரல் காலத்தில் நானும் என் மனைவியும் தனியாக இருந்ததே இல்லை. அக்காள் வண்டியில் ஏறியதும் மெதுவாகச் சொன்னேன்.

"அந்தப் பத்து நாள் வீட்டுல நம்ம ரெண்டு பேரும்தான், குழலு."

"நான் இருக்கமாட்டேன்" என்றாள். "மதினி வீட்டுக்குப் போறேன். கடல் பாத்ததில்லைன்னு சொன்னேன், கட்டாயம் வரணும்னுட்டாக."

"அப்ப நான்?"

"நீங்க மழையை அளந்து எழுதுங்க."

"அந்தப் பத்து நாளும் மழையே பெய்யாதேட்டி?"

"பெய்யலைன்னு எழுத ஒரு ஆள் வேணும்லா."